குறி தப்பாத மாலை

தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களில் தோற்றுவந்த கல்லூரி அணியைக் கோச் மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார். கோல்கீப்பர் அமல்ராஜை மட்டும் கோல் கம்பத்தோடு சேர்த்துக் கட்டச் சொன்னார்.

"ஆளுக்கு ஒரு பந்து. அவன் மேல படணும். தப்பவிட்டவன் அடுத்து அங்க நிப்பான்."

அந்த சீசன் முழுக்க இரண்டே கோல் போட்டிருந்தவர்கள் உதைத்த பந்து ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியாக வந்தவன் கேப்டன் சகாயம், விடுதியில் அமல்ராஜின் அறைத்தோழன்.

"சகா, வெளிய அடிச்சிருடா," என்றான் அமல்ராஜ், மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தைத் துடைக்க முடியாமல்.

சகாயம் தலைகுனிந்தபடி பந்தை வைத்தான். ஓடிவந்து உதைத்தான். அது நேராக அமல்ராஜின் முகத்தில் மோதியது.

"இதத்தாண்டா இத்தன நாளா கேட்டேன்!" என்று கோச் கைதட்டினார்.

சகாயத்தின் முகம் அவனையும் மீறி மலர்ந்துவிட்டது. அமல்ராஜ் அதைப் பார்த்தான்.