சீர் டி.வி.

“இன்னா நைனா, ஐம்பத்தஞ்சாயிரம்ன்ற? இதே சைசு, செல்லுல பதினாலாயிரத்துக்குக் காட்றான்!”

சுப்பராயன் பெருமூச்சை உள்ளேயே விழுங்கினார். காலையிலிருந்து இந்தப் பதினாலாயிரத்தை அவர் கேட்பது ஐந்தாவது தடவை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் அந்த டி.வி. கடையில், பெரிய கம்பெனியின் ஆளாகப் பதினெட்டு வருஷமாக நிற்கிறார். ஒரு காலத்தில் ஜனங்கள் கம்பெனி பேரைச் சொல்லிக்கொண்டே உள்ளே வருவார்கள். இப்போது செல்போனை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். என்ன பிழைப்புடா சாமி!

மேனேஜர் பிராங்கிளின் காலையிலேயே சொல்லிவிட்டான். “சார், இந்த மாசம் உங்க கவுண்டர்ல ஒண்ணுகூடப் போகல. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒண்ணாவது வித்துடுங்க. இல்லன்னா நாளைக்கு இந்த எடத்த வேற கம்பெனிக்குக் குடுக்கச் சொல்லிட்டாரு மொதலாளி.”

இப்போது மணி ஐந்து. எதிரே நின்றவள் காசிமேட்டில் மீன் விற்கும் புஷ்பவல்லி.

“அந்த டி.வி. ரெண்டு வருஷம் தாங்காதும்மா. இது உழைக்கும்.”

“எங்க பக்கத்து வூட்ல மூணு வருஷமா ஓடிகினு கீது. படம் சும்மா கண்ணாடி மாரி கீது.”

அதற்குமேல் வாதாட அவருக்குத் தெம்பு இல்லை. “சரி, யாருக்கும்மா வாங்குறீங்க?”

“பொண்ணுக்கு. ஞாயித்துக்கெழம கண்ணாலம். சீருல இந்தக் கம்பெனி டி.வி.தான் வருதுன்னு சம்பந்தி ஊரெல்லாம் சொல்லிகினு கீறாரு.”

சுப்பராயனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப எதுக்கு யோசனை? சீர்ல வைக்கிற பொருளுக்குப் பேருதாம்மா கௌரவம்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, தன் செல்போனை எடுத்தார். “போன மாசம் எம் பொண்ணு கல்யாணம். பாருங்க.”

படத்தில், மணமேடைக்குப் பக்கத்தில் பீரோ, கட்டில், பித்தளை அண்டா. எல்லாவற்றுக்கும் முன்னால் சிவப்பு ரிப்பன் கட்டிய நீலப் பெட்டி. கம்பெனி பேர் கொட்டை எழுத்தில்.

“சோக்கா கீது!” புஷ்பவல்லி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “யாரும் பிரிச்சிப் பாக்கலியா?”

“மண்டபத்துல யாரும்மா பிரிப்பாங்க? பெட்டியோடதானே வைப்பாங்க. பில் போடட்டுமா?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“கோச்சுக்காத நைனா. அந்தப் பதினாலாயிரம் டி.வி. நேத்தே வூட்டுக்கு வந்துட்சி. என்னால அவ்ளோதான் முடிஞ்சுது. ஆனா பொட்டில எவனோ பேரு தெரியாதவன் பேரு கீது, சபைல மானம் பூடும். உன்னாண்ட காலிப் பொட்டி ஒண்ணு இருந்தா குடு. தாலி ஏறிட்சின்னா அப்பால எவன் கேப்பான்?”

சுப்பராயன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து நின்ற கால் விண்விண் என்று வலித்தது. கோபம்கூட வரவில்லை.

“டி.வி. வித்தாத்தானேம்மா பெட்டி காலியாகும்? அதோ, சுவத்துல மாட்டியிருக்கே, அதோட பெட்டி ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு.”

“அத்த யாரு எடுத்துகினு போனா?”

அவர் செல்போனை மறுபடி அவளிடம் நீட்டினார்.

“சிவப்பு ரிப்பன் கட்டி நிக்குதே, அதாம்மா. உள்ள இருந்ததும் அதே பதினாலாயிரம்தான்.”