ஜன்னலோர சீட்டு

"குண்டைக் கட்டிக்கிட்டு அவன் பஸ்ல ஏறுறான். தியேட்டரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. என் பக்கத்துல இருந்த அம்மா சிரிக்குது சார்."

மேட்னி ஷோ முடிந்து வந்த கண்ணாடிக்காரர், மேனேஜர் அறை வாசலில் நின்று குமுறினார்.

"இந்த மாதிரி படம் எடுத்தா இப்படித்தான். கொல்றவனுக்கு ஒரு கதை, அவனுக்காகக் கண்ணீர். அதைப் பார்த்துச் சிரிக்க நாலு கல்நெஞ்சுக்காரங்க."

மேனேஜர் டார்ச்சைப் பார்த்தார். இருட்டில் விளக்கடித்து சீட்டு காட்டுகிறவருக்கு அந்தத் தியேட்டரில் அதுதான் பெயர். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

"யாருய்யா அது?"

"தினமும் மேட்னிக்கு வர்ற அம்மாதான் சார். சரியா வெடிக்கிறதுக்கு முன்னாடி எழுந்து போயிடும்."

"தினமுமா? நாளைக்கு வந்தா விசாரிச்சு, நாசூக்கா சொல்லி அனுப்பிடு. நமக்கெதுக்கு வம்பு?"

படம் வந்ததிலிருந்தே தியேட்டர் வாசல் பட்டிமன்றமாகத்தான் இருந்தது. "அவன் நிலைமையில நாம இருந்தா என்ன பண்ணுவோம், யோசி" என்றது ஒரு கட்சி. "காரணம் என்ன வேண்டிக்கிடக்கு, பாவி பாவிதான்" என்றது மறு கட்சி. டார்ச் மறு கட்சி. அதனால் அந்த அம்மா மேல் அவருக்கு ஏற்கெனவே கடுப்பு.

மறுநாள் பஸ் காட்சி முடிகிற நேரம். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்த அம்மாவை டார்ச் மடக்கினார்.

"அம்மா, ஒரு நிமிஷம். அந்தப் பையன் செய்யறது சரின்னு நினைக்கிறீங்களா?"

"எந்தப் பையன்பா?"

"என்னம்மா, தினமும் பார்க்கறீங்க. குண்டு கட்டிக்கிட்டு வர்றானே, அவன்தான்."

"ஓ, அந்தத் தம்பியா? அவன் எதுக்கு அப்படிச் செய்யறான்னு நான் கவனிச்சதே இல்லப்பா. எனக்கு அவன் என் பொண்ணை மறைச்சுக்கிட்டு நிக்கிற ஆளு, அவ்வளவுதான்."

டார்ச்சுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அவன் கொஞ்சம் நகர்ந்ததும், ஜன்னலோர சீட்டுல மஞ்சள் சட்டை போட்ட பொண்ணு ஒருத்தி திரும்பிச் சிரிப்பாளே, பார்த்ததில்லையா?"

டார்ச் பார்த்ததில்லை. அத்தனை காட்சி ஓடியும் அவர் கண் குண்டு கட்டியவனை விட்டு அந்தண்டை இந்தண்டை போனதில்லை.

"ஷூட்டிங்குக்கு, பஸ்ல சும்மா உட்கார ஆள் வேணும்னு கூட்டிட்டுப் போனாங்க. படம் வர்றதுக்குள்ள காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டா." அந்த அம்மா கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அவளுக்குத் தெத்துப்பல்லுப்பா. போட்டோன்னா வாயைத் திறக்கவே மாட்டா. வீட்டுல இருக்கிற எல்லா போட்டோவுலயும் உம்முனுதான் இருக்கா. இங்கதான் சிரிக்கிறா. அவ சிரிக்கும்போது நான் சும்மா உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"அப்புறம் ஏன்மா பாதியிலயே..."

"அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாதா? பெத்தவ அதையும் பார்க்கணுமா?"

டார்ச்சுக்கு என்னவோ போலாகிவிட்டது. மேனேஜரிடம் போய், "சொல்லிட்டேன் சார், இனிமே புகார் வராது" என்றார். மறுநாள் முதல், பக்கத்தில் யாரும் உட்காராத கோடி சீட்டாகப் பார்த்து அந்த அம்மாவுக்குக் காட்டினார்.

அன்றுதான் அவரும் பார்த்தார். மஞ்சள் சட்டை. திரும்பினாள், சிரித்தாள், அதற்குள் அவன் குறுக்கே வந்துவிட்டான். இவ்வளவுதானா என்றிருந்தது. வெடிக்கிற காட்சி வந்தபோது டார்ச்சும் வெளியே போய் நின்றுகொண்டார்.

கடைசி நாளும் வந்தது.

"நாளைக்குப் புதுப்படம்மா" என்றார் தயங்கித் தயங்கி.

"தெரியும்பா, போஸ்டர் பார்த்தேன்." அந்த அம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னார். "இன்னும் கொஞ்ச நேரம் சிரிச்சிருக்கலாம் அவ."

படம் ஓட்டுகிற ஆபரேட்டரின் அறைக்கு மாடியேறினார் டார்ச். விஷயத்தைக் கேட்டதும் ஆபரேட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேனேஜருக்குத் தெரிஞ்சா உன் சீட்டும் கிழியும், என் சீட்டும் கிழியும்."

"மெஷின்னா மக்கர் பண்ணாதா? என்னிக்காவது பண்ணும். அது இன்னிக்குப் பண்ணட்டுமேய்யா."

ஆபரேட்டர் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். டார்ச் கீழே இறங்கி வந்துவிட்டார்.

பஸ் காட்சி வந்தது. குண்டு கட்டியவன் ஏறினான், நின்றான், நகர்ந்தான். மஞ்சள் சட்டைக்காரி திரும்பிச் சிரித்தாள்.

திரை அப்படியே நின்றது.

எழுந்து போகக் கைப்பையை எடுத்த அம்மா மறுபடி உட்கார்ந்தார். சுவர் முழுக்க அவர் மகள். தெத்துப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் சிரித்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. துடைக்கிற நேரத்துக்குள் படம் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

கொஞ்ச நேரம்தான். விசில் கிளம்பியது. தரையில் காலால் தட்டினார்கள். மேனேஜர் மாடிப்படியில் தடதடவென்று ஓடினார்.

நடு வரிசையில் ஒருவர் எழுந்து நின்று, எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார். டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். அதே கண்ணாடிக்காரர். இந்த முறை மனைவியையும் அழைத்து வந்திருந்தார்.

"யோவ் ஆபரேட்டர், தூங்கறியா? பஸ்ஸு வெடிக்கிறதைப் பார்க்கத்தானேய்யா வந்திருக்கோம். சீக்கிரம் வெடிக்க விடுய்யா!"