காதுக்குள் ஒரு கான்ஸ்டபிள்

காலை பத்தரை மணிக்கு, அம்பத்தூரில் சொந்த வீட்டு ஹாலில், சோபாவில் சாய்ந்தபடியே எட்மண்ட் கைதானார்.

கைது செய்தவர் செல்போனுக்குள் இருந்தார். காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரம், பின்னால் நீலத் திரை.

"டெல்லி டி.எஸ்.பி. பேசுறேன். உங்க பேர்ல போன பார்சல்ல போதைப்பொருள் இருந்திருக்கு. இந்த நிமிஷத்துலேர்ந்து உங்களுக்கு டிஜிட்டல் அரெஸ்ட். கேமராவை விட்டு நகரக் கூடாது. யார்கிட்டயும் பேசக் கூடாது."

எட்மண்ட் லேசில் ஏமாறுகிறவர் அல்ல. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவர். மயிரிழை விரிசலைக்கூட வெறுங்கண்ணால் பிடித்து 'ரிஜெக்ட்' முத்திரை குத்தியவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு டி.எஸ்.பி.யைப் பரிசோதித்தார். தொப்பி நேர். பட்டன்கள் சீர். அடையாள அட்டையில் முத்திரை பிசகில்லாத வட்டம். திரையில் தொங்கிய காலண்டர் மட்டும் போன வருஷத்தது. சின்னக் குறைதான், அதற்காக முழு ஆளையும் தள்ளுபடி செய்ய முடியுமா? பாஸ் போட்டுவிட்டார்.

"சரிங்க சார்."

இங்கே அவருடைய இடது காதில் குடியிருப்பவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு, மகள் ரியா வாங்கி மாட்டிவிட்ட 'செவித்தோழி' என்ற காது மெஷின்தான் அவள். மந்தமான காதைத் தீட்டுவாள், நாடி பார்ப்பாள், போனே கதியென்று கிடந்தால் அதட்டுவாள். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தட்சிணாமூர்த்தி அதைப் பார்த்துவிட்டு, எல்லாப் பெரியவர்களையும் வாங்க வைத்து, 'முதியோர் டிஜிட்டல் நல்வாழ்வு விழா' எடுத்து, தனக்குத்தானே ஒரு சால்வையும் ஏற்பாடு செய்துகொண்டார்.

"திருடன் தொண்டையைக் கனைத்தாலே இது மோப்பம் பிடித்துவிடும்! உங்கள் காதுக்குள் ஒரு கான்ஸ்டபிள்!" என்று ஒன்றரை மணி நேரம் முழங்கினார். பத்தாவது நிமிடமே எட்மண்டின் செவித்தோழி, "தேவையற்ற இரைச்சல். குறைக்கட்டுமா?" என்று கேட்டாள். அவர் குறைத்துக்கொண்டார்.

இப்போது அவள் குரல் மறுபடி கேட்டது.

"நாற்பது நிமிடமாகத் திரையைப் பார்க்கிறீர்கள். எழுந்து நடக்கலாமே."

எட்மண்ட் எழுந்தார்.

"உக்காரு!" என்றார் டி.எஸ்.பி.

உட்கார்ந்தார்.

"தண்ணீர் குடிக்கும் நேரம்."

சொம்பை எடுத்தார்.

"வையி கீழ! அரெஸ்ட்ல கீற ஆளு இன்னாத்துக்கு தண்ணி குடிக்கிற?"

டெல்லி வாயில் திடீரென்று கூவம் ஓடியது. நம்ம பக்கத்துப் பிள்ளை எவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கிறான் என்று எட்மண்ட் உள்ளுக்குள் பூரித்தார்.

"சார், காதுல ஒரு பொண்ணு கீறா. அவ எந்திரின்றா, நீங்க உக்காருன்றீங்க. ரெண்டு பேரும் கலந்து பேசி ஒரு முடிவு சொன்னீங்கன்னா..."

"டபாய்க்கிறியா பெருசு? அரெஸ்ட்னா அரெஸ்ட்! பேங்க் ஆப்பைத் தொற. கீற சேமிப்பு மொத்தத்தையும் செக்கிங்குக்கு அனுப்பு. சுத்தமா இருந்தா சாயந்தரமே திரும்பி வந்துடும்."

மொத்தம் என்றால், முப்பத்தொரு வருஷ உழைப்பும், மனைவி ஞானகுமாரி வாய் கட்டி வயிறு கட்டிச் சேர்த்ததும். அது போனால் நாளைக்குப் பாலுக்கு மகளிடம் நிற்க வேண்டும். எட்மண்டுக்கு வேர்த்தது, நெஞ்சு திம்திம் என்றது. கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டு, மறுபடி தப்பாகப் போட்டு, ஆப் திறக்கவே பத்து நிமிஷம் ஆனது. கடைசியில் திறந்தது. 'அனுப்பு' என்ற பச்சைப் பொத்தானை நோக்கிக் கட்டைவிரல் இறங்கியது.

"அபாயம் உணரப்பட்டது," என்றாள் செவித்தோழி. "உதவி வந்துகொண்டிருக்கிறது. எதையும் செய்யாதீர்கள். அசையாமல் இருங்கள்."

விரல் அந்தரத்தில் நின்றது. தெருமுனையில் சைரன் அலறியது.

"யோவ், அது இன்னா சவுண்டு?" டி.எஸ்.பி.யின் குரல் கம்மியது.

எட்மண்டுக்குப் பொய் வராது. "உதவி வருதாம் சார். எனக்கா, உங்களுக்கான்னுதான் சொல்லல."

"மாமே, லைன்ல போலீஸ்டா! எடுடா ஓட்டம்!"

நீலத் திரை சரிந்தது. பின்னால் ஒரு பரோட்டாக் கடையின் விலைப்பட்டியல் தெரிந்தது. எழுந்து ஓடிய டி.எஸ்.பி.க்குக் காக்கி இடுப்போடு முடிந்து, கீழே கட்டம் போட்ட லுங்கி தொடங்கியது.

"ரிஜெக்ட்," என்று முனகினார் எட்மண்ட்.

சைரன் சரியாக வாசலில் வந்து நின்றது. கறிகாய்ப் பையோடு ஞானகுமாரி ஓடி வந்தாள். "இன்னாங்க, மூஞ்சியெல்லாம் இப்படி வேர்த்துக் கெடக்கு?" எட்மண்ட் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மாடி முழுக்க ஹாலுக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் தட்சிணாமூர்த்தி.

"நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே அயோக்கியனை அடையாளம் கண்டு, காவல்துறைக்குத் தகவல் கொடுத்திருக்கிறது பாருங்கள்! இதுதான் செயற்கை நுண்ணறிவு!"

எட்மண்ட் நன்றியோடு காதைத் தடவிக்கொண்டார். படியில் தடதடவென்று காலடிகள் ஏறி வந்தன. வருகிற இன்ஸ்பெக்டருக்குப் போர்த்தத் தன் விழாச் சால்வையையே எடுத்துவரச் செய்து, விரித்துப் பிடித்தபடி வாசலில் நின்றார் தட்சிணாமூர்த்தி.

ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் அவரை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

"இந்த ஊட்லேர்ந்துதான் காது மெஷினு 'அரெஸ்ட், அரெஸ்ட்'னு நாலு தபா மெசேஜ் அனுப்பிச்சிது," என்றார் முன்னால் வந்தவர். "ஹார்ட்டு நின்னுபோன பெருசு யாருப்பா?"