கோசம்பரி டப்பா

அலர்மேல்மங்கை கணவரின் சட்டைப் பையை மூக்கருகே வைத்து முகர்ந்தாள். சந்தேகமே இல்லை.

"உண்மையைச் சொல்லுங்கோ. சாயந்திரம் எங்கே போனேள்? கூட யாரு?"

ரங்கநாதன் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் பொய் சொல்லி ஜெயித்த அனுபவம் அவருக்கு ஒரு தடவைகூடக் கிடையாது. சம்பிகே ரோடு பேக்கரியில் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் ஒரே ஒன்று சாப்பிட்டதாகவும், தனியாகத்தான் போனதாகவும், பிள்ளைக்கு ஒரு துணுக்குகூட வாங்கவில்லை என்றும் பெருமாள் படத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தார்.

அவள் நம்பினாள். நம்பியதால் கவலை இன்னும் கூடிற்று. அப்பா இல்லையென்றால் சுஹாஸுக்கு யார்தான் தீனி போடுகிறார்கள்?

சுஹாஸுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. ஜூன் மாதம் நாற்பத்தாறு கிலோ இருந்தான். குனிந்து ஷூ லேஸ் கட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. டாக்டர் சிவசங்கரன் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை, பெற்றவர்களைத்தான் பிடித்துக்கொண்டார்.

"பத்து வயசுப் பையனா சம்பாதிச்சு சிப்ஸ் வாங்கறான்? வாங்கிப் போட்டது நீங்க. குறைக்க வேண்டியதும் நீங்கதான்."

தசராவுக்குள் மூன்று கிலோ இறங்கியாக வேண்டும் என்று கெடுவும் வைத்தார். அலர்மேல்மங்கைக்குச் சுருக்கென்று தைத்தது. அவளுடைய அண்ணா முப்பத்தைந்து வயதிலேயே இன்சுலின் ஊசிக்கு வந்துவிட்டவர். தன் பிள்ளைக்கும் அதே தலையெழுத்தா என்று பயந்துபோனாள்.

மறுநாளே வாணலி பரண் ஏறியது. நெய் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தாள். தினமும் ஐந்து மணிக்கு எழுந்து கேரட்டும் வெள்ளரிக்காயும் துருவி, ஊறவைத்த பயத்தம்பருப்பைக் கலந்து கோசம்பரி செய்தாள். கூடவே எண்ணெய் காட்டாத இரண்டு சப்பாத்தி. மத்தியானத்துக்கு அவ்வளவுதான்.

முதல் வாரம் சுஹாஸ் மூக்கால் அழுதான். அப்புறம் என்ன மாயமோ, காலையில் டப்பாவை அவனே கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தான். சாயந்திரம் காலியாக வரும். காலி மட்டுமா, கழுவித் துடைத்துப் பளிச்சென்று வரும். தின்ற தட்டை நகர்த்தி வைக்காத பிள்ளைக்கு இவ்வளவு பொறுப்பு வந்துவிட்டதே என்று பூரித்துப் போனாள்.

செப்டம்பரில் எடை பார்த்தார்கள். நாற்பத்தெட்டு.

காற்றைக் குடித்தே பெருக்கிறானோ என்னவோ என்று ரங்கநாதன் சொல்லிப் பார்த்தார். அவள் முறைத்த முறைப்பில் வாக்கிங் கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை பிள்ளையின் விரல்களில் நெய் மணத்தது. வீட்டில் நெய் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. அதனால்தான் இந்தச் சட்டைப் பை சோதனை.

வீட்டில் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில்தான். திங்கட்கிழமை நேரே அங்கேயே போய்விட்டாள்.

டிரில் பீரியட். மூச்சு வாங்குமே என்று சுஹாஸ் மட்டும் வகுப்பில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான். வகுப்பு ஆசிரியை ஜானகி மிஸ், மேஜை மேல் இருந்த மூன்றடுக்கு கேரியரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார். மல்லேஸ்வரத்தில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு மனப்பாடம் ஆனதற்கு அவர்தான் காரணம். அவர் எதிரில் பெற்றோர்களும் கை கட்டித்தான் பேசுவார்கள்.

பிள்ளைகள் யாராவது டப்பாவை மாற்றிக்கொள்கிறார்களோ என்று அலர்மேல்மங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சான்ஸே இல்லைங்க. லஞ்ச் டைம்ல நானும் கிளாஸ்லயேதான் உக்காந்து சாப்பிடறேன். ஒரு பையனோடதை இன்னொரு பையன் தொட விடமாட்டேன். உங்க கோசம்பரி என் கண்ணு முன்னாடிதான் காலியாகுது. ஒரு பருப்பு மிஞ்சாது."

அதோடு விடவில்லை. இந்தக் காலத்து அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகளின் வயிற்றைப் பற்றி அக்கறையே இல்லை, காசைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று ஒரு பிரசங்கமே செய்தார். "பெரியவங்க நாம வாயைக் கட்டினா பசங்க தானா கட்டுவாங்க. நீங்க ஸ்வல்ப யோசிச்சுப் பாருங்க" என்று முடித்தார். சுஹாஸ் தலையை நிமிர்த்தவே இல்லை.

அலர்மேல்மங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்லூரிப் படிப்பு படித்தவள்தான், ஆனாலும் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த மாணவிபோல எழுந்து நின்றாள்.

"என் சமையல்ல ஒரு பிரயோஜனமும் இல்லை மிஸ். துருவித் துருவி விரல்தான் தேஞ்சுபோச்சு. நாளையிலேர்ந்து நிறுத்திடறேன். எல்லாக் குழந்தைகளையும் போல எலுமிச்சம்பழ சாதமே கட்டிக் குடுத்துடறேன்."

ஜானகி மிஸ் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. அவர் சுஹாஸைப் பார்த்தார். சுஹாஸ் கேரியரைப் பார்த்தான்.

அலர்மேல்மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள், மிஸ் வேகமாக எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பெற்றோரிடம் கெஞ்சினார்.

"நிறுத்திடாதீங்கம்மா... எனக்கு இப்பதான் சுகர் எறங்கியிருக்கு."