மீன்தொட்டிக்கு ஓர் இடம்

போடியில், மேற்கு பார்த்த ஒரு வீட்டின் சன்னலருகே நான்கடி நீள மீன்தொட்டி காலியாக நிற்கிறது. அங்கே தனியாக இருக்கும் மாயக்காளின் மகன் திருப்பூரிலிருந்து பணம் கட்டி அனுப்பச் சொன்னது. தொட்டியைக் கொண்டுவந்த கடைக்காரர் தங்கப்பாண்டி, கண்ணாடியில் விழும் சாய்வெயிலைத் தொட்டுப் பார்க்கிறார். “இங்கன வேணாம் ஆத்தா. வெயிலுக்குப் பாசி புடிச்சிரும், மீனு தாங்காது.” மாயக்காள் சன்னல் வழியே தெருவைப் பார்க்கிறாள். வெளியே ஏலத்தோட்டத்து ஜீப் வந்து நிற்கிறது. இறங்கிய பெண்கள் தூக்குவாளியும் ஏலக்காய் வாசமுமாக, இந்தப் பக்கம் திரும்பாமலே நடக்கிறார்கள். “இருவது வருசம் நானும் அதுலதான் போனேன் அப்பு. முழங்காலு விட்டதும் பேச்சுத்தொணையும் விட்டுப்போச்சு. சன்னல்ல மீனு தெரிஞ்சா ஒருத்தியாவது நிப்பாள்ல.” தங்கப்பாண்டி அளவுநாடாவைச் சுருட்டுகிறார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் உள்சுவரைத் தட்டுகிறார். “இங்க வைப்போம். வெயிலு எட்டாது. தெருவுல இருந்து பாத்தா தொட்டி லைட்டு வெளிச்சந்தான் தெரியும். மீனைப் பாக்கணும்னா உள்ள வந்துதான் ஆகணும்.” மாயக்காள் கண்ணாடியில் திருநீறு பூசுகிறாள். தொட்டியில் இன்னும் தண்ணீர்கூட ஊற்றவில்லை. அவள் மூலையில் சுருட்டி வைத்திருந்த பெரிய பாயை எடுத்து, தூசி போக உதறுகிறாள்.