பாத்தீனியம் பூத்த காணி

வெயில் ஏற ஏற, முல்லைத்தீவில் இராணுவம் இப்போதுதான் விட்டுப்போன அந்தக் காணி, குறுணல் அரிசி கொட்டியதுபோல் வெளுத்துக்கொண்டு வருகிறது. எல்லாம் பாத்தீனியம், எந்தக் கண்டத்திலிருந்தோ கடல் தாண்டி வந்த, தொட்டால் அரிக்கும் களை. ஆடுகூட வாய் வைக்காமல் வேலியோரமாய்ப் போகிறது. "பூ முத்தினா விதை கொட்டிப்போடும்," என்று, மூக்கைச் சால்வையால் கட்டிக்கொண்ட கனகலிங்கம் மண்வெட்டியை ஓங்குகிறார். மனைவி பத்மாசனி அவர் கையைப் பிடிக்கிறாள். "இஞ்சருங்கோ, வெட்டாதேங்கோ." போரின் கடைசியில், ஷெல் விழுந்து இறந்த மகள் தேனுகாவை இந்தக் காணியிலேயே புதைத்துவிட்டு ஓடுமுன், பாதையோரம் ஒற்றையாய் நின்ற வெள்ளைப் பூச்செடியைப் பிடுங்கி, அடையாளத்துக்கென்று தலைமாட்டில் நட்டவள் அவள். "ஒண்டுதானே நட்டனான். இதில பிள்ளையின்ர செடி எது?" அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கிறார். அவள் குனிந்து, அரிப்பில் சிவந்த விரல்களால் ஒவ்வொரு செடியின் தலையையும் தடவிக்கொண்டே போகிறாள்.