மல்பெரி மர உச்சி

"இறங்கு! இப்ப இறங்கப்போறியா, இல்லையா?"

மல்பெரி மரத்தடியில் நின்று டுன்யா கத்தினாள். மேலே இலைகளுக்கு நடுவே ஸோரித்ஸாவின் வெறுங்கால்கள் மட்டும் தெரிந்தன.

"மாட்டிக்கிட்ட பந்தை எடுக்கத்தானே ஏறினே? அதான் கீழே போட்டாச்சே, இன்னும் எதுக்கு மேலே போறே?"

"இன்னும் ஒரே ஒரு கிளை!" மேலிருந்து சிரிப்பு வந்தது.

"ஷூ எங்கே? வேர்த்த இடுப்புல காத்து பட்டா கிட்னி கெட்டுடும்னு தெரியாது? பழத்தைக் கழுவாம திங்காதே! கையை ஒடிச்சுக்கிட்டா ஆஸ்பத்திரிக்கு யாரு ஓடறது?"

பதிலுக்கு ஒரு கறுத்த பழம் டுன்யாவின் தோளில் சொத்தென்று விழுந்தது.

அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

"பயமா இருக்கு அம்மா... இறங்கி வா அம்மா!"

எட்டு வயது டுன்யாவுக்கு இந்த அதட்டல் ஒவ்வொன்றையும் கற்றுக்கொடுத்தவளே ஸோரித்ஸாதான். மகளை ஊஞ்சலில்கூட ஹெல்மெட் இல்லாமல் உட்கார விடாத அம்மா, இதோ, உச்சிக் கிளையில் முடி பறக்க, உதடெல்லாம் ஊதாக் கறையோடு நின்றாள். ஆகாயத்தையே தொட்டுவிடுவாள் போலிருந்தது.

டுன்யாவின் அழுகை நின்றுபோனது. வாய் பிளந்து அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா... அங்கேருந்து டான்யூப் ஆறு தெரியுதா?"

"தெரியுது. படகு, பாலம், அக்கரை எல்லாமே தெரியுது."

ஸோரித்ஸா கிளையைப் பிடித்தபடி கீழே குனிந்து மகளைப் பார்த்தாள். பிறகு குரல் வந்தது.

"ஷூவைக் கழட்டிட்டு ஏறி வா."